மூச்சு சரி, வாக்கியம்தான் மல்லுக்கு நிற்கிறது

"ரொம்ப நாளா செய்றியே, மூச்சுப் பயிற்சி, அஃபர்மேஷன் எல்லாம் நிஜமாவே டென்ஷனைக் குறைக்குதா?" என்று நண்பன் கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. மூச்சையும், தனக்குத்தானே நல்ல வாக்கியம் சொல்லிக்கொள்ளும் அஃபர்மேஷனையும் என் போனிலுள்ள ஆப் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறது. புழங்கிப் பார்த்த எனக்கு இரண்டும் வேறு வேறு சரக்கு.

கண்ணை மூடு, முதுகை நிமிர்த்து எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். எனக்கு உருப்படியாகப் பிடிபட்டது ஒன்று: வெளிவிடும் மூச்சு, இழுக்கும் மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும். இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமெடுக்கும், விடும்போது தணியும்; மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் கைங்கரியம். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்கும் தெரியும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை 6 தடவைக்கு இறக்கினால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாக விரிகிறது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் கணக்கு சரியாக வந்துவிடும்.

அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ வெயில் பரப்பிய 4-7-8 முறை (நான்கு எண்ணி இழுத்து, ஏழு எண்ணி அடக்கி, எட்டு எண்ணி விடுவது) எனக்கு ஒத்துவரவில்லை. ஏழு எண்ணும்வரை மூச்சை அடக்குவதற்குள், எப்போதடா விடுவோம் என்று புதுப் பதற்றம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைவிடப் பெருமூச்சு தேவலை. மூக்கால் ஒரு இழுப்பு, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடுவது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதைத் தினம் 5 நிமிடம், ஒரு மாதம் செய்ய வைத்துப் பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள்: வெறும் தியானத்தைவிட மனநிலை கூடுதலாகத் தேறியிருந்தது. சலிப்பில் நாம் இலவசமாக விட்டுக்கொண்டிருந்ததுதான்!

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, அந்த இசையைத் திரும்பத் திரும்பக் கேட்டபடி காத்திருக்கும் நேரம்தான் எனக்குச் சோதனைக்கூடம். நீளமாக இரண்டு மூச்சு விட்ட பிறகுதான், கடைவாய்ப் பல்லை நெரித்துக்கொண்டிருப்பதே தெரியவரும். நாக்கு மேலண்ணத்தில் அப்பியிருக்கும். தாடை இளகியதும் தோள் தானாக இறங்கும். கோபமா? அது அங்கேயேதான் இருக்கும். ஆனால் மறுமுனையில் ஆள் வந்ததும் முதல் வாக்கியத்தைக் கத்தாமல் சொல்ல முடிகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஆர்வக்கோளாறில் வேகவேகமாக ஆழ இழுத்துத் தள்ளினால், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மதமதக்கும்.

இனி அஃபர்மேஷன். ஆப்பில் தேனொழுகும் குரல் ஒன்று "நான் முழு அமைதியில் இருக்கிறேன்" என்று சொல்லச் சொல்கிறது. சொன்ன மறுநொடி உள்ளேயிருந்து "எங்கே இருக்கிறாய், காட்டு" என்று ஒரு பதில். பிறகு இரண்டு பேருக்கும் வழக்கு தீர்ப்பதே வேலை. 1920களில் எமில் கூவே என்ற பிரெஞ்சு மருந்தாளர், நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தேறி வருகிறேன் என்று காலையும் மாலையும் சொல்லச் சொன்னார். நூறு வருஷமாக அதையே சட்டை மாற்றி ஓட்டுகிறார்கள். 2009இல் உளவியலாளர் ஜோஆன் வுட்டும் குழுவும் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைந்தவர்கள் 'நான் நேசிக்கத்தக்கவன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். யாருக்காக இந்த மருந்தோ, அவர்களுக்கே ஒவ்வாமை.

நியாயமாகப் பேசினால், எல்லாமே குப்பை இல்லை. தன்னையே பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டால் பதற்றம் குறைகிறது என்று உளவியலாளர் ஈதன் கிராஸ் குழு 2014இல் காட்டியது. நானும் அந்தத் தேன்குரலை விட்டுவிட்டு, பெயர் சொல்லி, "இப்ப கஷ்டமாத்தான் இருக்கு, இந்த ஒரு மெயிலுக்கு மட்டும் பதில் போடு" என்கிறேன். உள்ளே யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பொய் இல்லையே!

இவ்வளவு பாராட்டிவிட்டு, நீங்களும் ஆரம்பியுங்கள் என்று சொல்ல வேண்டும்தானே? இன்றைக்கு மாட்டேன். காரணம் அந்த ஆப். ஒரு மீட்டிங்கில் என்னை நோக்கி விரல்கள் நீண்டிருந்த நேரம், மேஜையிலிருந்த போன் ஒளிர்ந்தது: "இன்று நீங்கள் இன்னும் சுவாசிக்கவில்லை." பக்கத்தில் இருந்தவர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இந்த நினைவூட்டலை அணைத்து வைத்தாலும் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் உயிர்த்தெழுகிறது. ஒரு நாள் தவறினால் 'உங்கள் தொடர் அறுந்தது' என்று துக்கச் செய்தி வேறு. டென்ஷனைக் குறைக்க வந்ததற்கு நான் வருகைப் பதிவு கொடுக்க வேண்டுமாம்.

அந்த ஆப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. நாளைக்குக் கேட்டால் நான்கு தருவேனோ என்னவோ. அது இன்று ராத்திரி போன் சும்மா கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது.