பிளாக் ஃப்ளாகா, ஃப்ளாகா: க்ளப்பில் யாரைப் பார்ப்பது?

பிரிந்துபோன ஒரு பங்க் (வேகமும் கோபமும் நிறைந்த ராக் இசை) குழு பல வருடம் கழித்து மறுபடி மேடையேறினால் ரசிகர்களுக்குள் ஒரு சண்டை நிச்சயம். இது அந்தப் பழைய குழுதானா, இல்லை பெயரை வைத்துப் பிழைப்பா? 2013-இல் அமெரிக்கப் பங்க் குழுவான பிளாக் ஃப்ளாக்கின் ரசிகர்களுக்கு இந்தச் சண்டை இரட்டிப்பாக வந்து சேர்ந்தது. 1986-இல் கலைந்த குழு அந்த வருடம் இரண்டாகத் திரும்பி வந்தது.

ஒரு பக்கம் கிதாரிஸ்ட் கிரெக் ஜின். 1976-இல் கலிபோர்னியாவின் ஹெர்மோசா பீச்சில் குழுவைத் தொடங்கியவர், ஆரம்பம் முதல் கடைசிவரை அதில் இருந்த ஒரே ஆள், பெரும்பாலான பாட்டுகளை எழுதியவர், எஸ்எஸ்டி ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் சொந்தக்காரர். அவர் குழுவின் இரண்டாவது பாடகர் ரான் ரேயஸைச் சேர்த்துக்கொண்டு பிளாக் ஃப்ளாக் என்ற பெயரிலேயே கிளம்பினார். மறுபக்கம் முதல் பாடகர் கீத் மோரிஸ், பேஸ் வாசித்த சக் டுகோவ்ஸ்கி, டிரம்மர் பில் ஸ்டீவன்சன், மூன்றாவது பாடகராக இருந்து பிறகு கிதாருக்கு மாறிய டெஸ் கடேனா. ஜின்னின் இடத்தில் டிசென்டன்ட்ஸ் குழுவின் கிதாரிஸ்ட் ஸ்டீபன் எகர்டன். இவர்கள் வைத்துக்கொண்ட பெயர் வெறும் ஃப்ளாக். நான்காவது பாடகரும் வெளியுலகம் அதிகம் அறிந்தவருமான ஹென்றி ராலின்ஸ் இரண்டு பக்கமும் சேரவில்லை.

நான் அப்போது அமெரிக்காவில் இருந்தேன். ஃப்ளாக் ஒரு க்ளப்பில் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் டிக்கெட் வாங்கிவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஜின்னின் குழுவை நான் காணொளிகளில்தான் பார்த்திருக்கிறேன், நேரில் இல்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஜின் 2013 ஆகஸ்டில் வழக்குப் போட்டார். ஃப்ளாக்குக்குத் தடை விதிக்க அக்டோபரில் நீதிமன்றம் மறுத்தது. அடுத்த வருடம் சமரசமானார்கள். ரசிகர்கள் இதை வைத்து மாதக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். க்ளப்பில் விளக்கு அணைந்த பிறகு அந்த வழக்கால் ஒரு பாட்டும் நன்றாகவோ மோசமாகவோ ஆகிவிடாது.

"ஜின் இல்லாமல் என்ன பிளாக் ஃப்ளாக்?" என்று கேட்பவர்களிடம் நியாயம் இருக்கிறது. இந்தக் குழுவின் சத்தமே அவருடைய கிதார்தான். மெட்டுக்குள் அடங்காமல் முட்டிக்கொண்டு வெளியே வரும் அந்த சோலோக்களை வேறு யார் வாசித்தாலும் நகல்தான். எகர்டன் அபாரமான கிதாரிஸ்ட். ஜின்னின் வாசிப்பை ஒவ்வொரு இழையாகப் படித்துவிட்டுத்தான் மேடைக்கு வந்திருக்கிறார் என்பது கேட்டாலே தெரியும். ஆனால் எந்த நொடியில் எங்கே பாய்வார் என்று தெரியாத அந்தப் பதற்றம் அவரிடம் கிடையாது. ஃப்ளாக்கின் பெரிய குறை இதுதான். அதை ஒத்துக்கொள்ளாமல் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

அப்படியிருந்தும் ஏன் ஃப்ளாக்? ஒரே காரணம்: வேகம். இன்னும் சரியாகச் சொன்னால், வேகம் குலையாமல் இருப்பது.

1979 ஜனவரியில் வெளிவந்த முதல் இசைத்தட்டு நெர்வஸ் பிரேக்டவுனை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பாட்டு, எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். ஐந்து நிமிடத்துக்கு ஒரே பாட்டு என்றால் நடுவில் கொஞ்சம் தொய்ந்தாலும் கடைசியில் பிடித்துவிடலாம். ஒரு நிமிடப் பாட்டில் அதற்கு இடமே கிடையாது. டிரம் அரை இழை பின்தங்கினால் போதும், பாடகர் சொற்களை இழுக்க வேண்டிவரும். சொல் இழுபட்டால் கோபம் புலம்பலாகிவிடும். அதே மெட்டு, அதே வரிகள், ஆனால் பாட்டு செத்துப்போயிருக்கும். பழைய பங்க் குழுக்கள் திரும்ப வரும்போது பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். குரல் வயதாவதை யாரும் மன்னித்துவிடுவார்கள். கை வயதாவதை இந்தப் பாட்டுகள் மன்னிப்பதில்லை.

க்ளப்பில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். திறந்தவெளி விழாவில் மேடையில் நடப்பது மைக், மிக்சர், பெரிய ஸ்பீக்கர் எல்லாம் தாண்டித்தான் உங்களிடம் வருகிறது. கூரை தாழ்ந்த ஒரு க்ளப்பில் ஸ்னேர் டிரம்மின் அடி நேரே தோலிலிருந்து உங்கள் நெஞ்சுக்கு வரும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

நான் ஸ்டீவன்சன் பக்கமாக, மேடைக்கு ஓரத்தில் நின்றேன். மனிதர் பெரிய உருவம். உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பை அதிகம் ஆட்டவே இல்லை. மணிக்கட்டும் முன்கையும் மட்டும் வேலை செய்தன. ஒரு பாட்டு முடிந்து சிம்பலின் ஓசை அடங்குவதற்குள் கோலைக் கோலோடு தட்டி அடுத்த பாட்டுக்கு எண்ணிவிடுவார். எகர்டன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. இரண்டு பேரும் 1980-களின் பிற்பாதியிலிருந்து டிசென்டன்ட்ஸிலும் ஆல் குழுவிலும் சேர்ந்தே வாசிப்பவர்கள். கால் நூற்றாண்டுப் பழக்கம். ஸ்டீவன்சன் கொலராடோவில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்துபவர், பிறருடைய டிரம்மைக் கேட்டுக் கேட்டுத் திருத்துவதே அவர் தொழில். அந்தக் காதும் மேடையில் வேலை செய்கிறது. டுகோவ்ஸ்கியின் பேஸ் அவர்கள் இருவருக்கும் நடுவே ஆணி அடித்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. ஜின்னின் கிதார் இல்லாத குறை முதல் சில பாட்டுகளில் உறுத்தியது. அப்புறம் அதை நினைக்க நேரமே கிடைக்கவில்லை.

அதே வருடத்து ஜின் குழுவின் காணொளிகளில் எனக்குப் படுவது இதற்கு நேர்மாறானது. பாட்டுகள் நிதானமாகப் போகின்றன. நடுநடுவே ஜின், தொடாமலே கையசைத்து வாசிக்கும் தெரமின் என்ற மின்னணுக் கருவியை இயக்குகிறார். அந்த ஊளைச் சத்தம் பாட்டின் மேல் படர்கிறது. ஜின்னுக்கு மெதுவான, கனமான இசையில் ஈடுபாடு இன்று நேற்று வந்ததல்ல. 1984-இல் மை வார் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுக்க அப்படித்தான் ஊர்ந்து போகும், எனக்கு அது உயிர். ஆனால் 1979 பாட்டை 1984 மனநிலையில் வாசிப்பது வேறு விஷயம். அந்தச் சுற்றுப்பயணத்தில் ஜின் தன் இன்னொரு குழுவான குட் ஃபார் யூவை முதலில் மேடையேற்றி, இரண்டு குழுவிலும் தானே வாசித்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பேஸிஸ்ட் புதியவர். பல வருடப் பழக்கத்தில் வரும் இறுக்கம் சில மாதப் பயிற்சியில் வந்துவிடாது. கைப்பேசிக் காணொளி டிரம் சத்தத்தைக் கொன்றுவிடும் என்பதும் உண்மைதான், நேரில் நின்றிருந்தால் இதே தீர்ப்பைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

குரல்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளாக்கில் பெரும்பாலும் அவரவர் காலத்துப் பாட்டை அவரவர் பாடுகிறார்கள். மோரிஸுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது, சடை முழங்காலைத் தொடாத குறை, வாயைத் திறந்தால் அதே எரிச்சல். கடேனா முன்னுக்கு வரும்போது கூட்டம் வேறு மாதிரி கத்துகிறது. மோரிஸ் விலகிப்போய் சர்க்கிள் ஜெர்க்ஸ் தொடங்கி, ஒரு பாட்டின் இசையை அங்கே கொண்டுபோனபோது, அதே இசையில் அவரைத் திட்டி ஒரு பாட்டு 1980-இல் பிளாக் ஃப்ளாக்கின் ஜெலஸ் அகெய்ன் தட்டில் வந்தது. அதைப் பாடியவர் டுகோவ்ஸ்கி. அந்த இரண்டு பேரும் இன்று தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். என்னைப் போன்ற ரசிகனுக்கு அதைப் பார்ப்பதே பாதி டிக்கெட் காசு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இந்த ஐந்து பேரும் பழைய நாளில் ஒரே நேரத்தில் குழுவில் இருந்ததே கிடையாது. முதல் தட்டில் டிரம் வாசித்தது ஸ்டீவன்சன் இல்லை. ஆகவே "அசல் குழு இதுதான்" என்று ஃப்ளாக் ரசிகர்கள் மார்தட்டுவதில் அர்த்தமில்லை. அசல் எது என்பதை விட்டுவிட்டு, எது நன்றாக வாசிக்கிறது என்று கேட்டால்தான் இந்தப் பேச்சு உருப்படும்.

ரேயஸுக்காக எனக்கு இப்போதும் மனம் வலிக்கிறது. 1980-இல் ரெடாண்டோ பீச்சில் ஒரு க்ளப்பில், கூட்டத்தின் வன்முறை பொறுக்காமல் பாதி கச்சேரியில் மைக்கைப் போட்டுவிட்டுப் போனவர் அவர். முப்பது வருடம் கழித்து நம்பிக்கையோடு திரும்பி வந்தார். 2013 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே அவரை மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள். போகச் சொன்னவர் ஸ்கேட்போர்டு வீரரும் குட் ஃபார் யூவின் பாடகருமான மைக் வல்லேலி. அடுத்த ஆண்டு வல்லேலியே பிளாக் ஃப்ளாக்கின் பாடகரானார். ஒரு குழு தன் ஆளை எப்படி நடத்துகிறது என்பது இசையின் தரத்தை அளக்கும் கோல் இல்லை. ஆனாலும் காசு கொடுத்து உள்ளே போகும்போது எனக்கு அது உறுத்தும்.

இன்றைய நிலைமை வேறு. ஜின் தொடர்ந்து ஊர் ஊராகப் போகிறார். 2025-இல் தன்னைவிடப் பல பத்தாண்டு இளையவர்களை, புதிய பாடகி மேக்ஸ் ஸனெல்லியோடு, சேர்த்துப் புதுக் குழு அமைத்திருக்கிறார். வேகம்தான் என் அளவுகோல் என்றால் இளம் கைகள் அதைத் தரக்கூடும். துணுக்குக் காணொளிகளுக்கு மேல் எதுவும் பார்க்காததால் அவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஃப்ளாக்கோ அபூர்வமாகத்தான் கூடுகிறார்கள். 2025 மே மாதம் லாஸ் வேகாஸின் பங்க் ராக் பௌலிங் விழாவில் மறுபடி வாசித்தார்கள். அது திறந்தவெளி மேடை. க்ளப்பில் அவர்கள் தருவது வேறு ரகம். 2013-இல் அவர்கள் முதலில் வாசித்தது ரெடாண்டோ பீச்சின் மூஸ் லாட்ஜ் என்ற சின்னக் கூடத்தில்தான். 1979-இல் பிளாக் ஃப்ளாக் என்ற பெயரில் முதல் கச்சேரி நடந்த அதே ஊர், அதே சங்கத்தின் கூடம்.

ஆக, ஜின் உங்கள் ஊருக்கு வந்தால் அந்தக் கிதாருக்காக ஒருமுறை போய் அவருடைய ஆம்ப்புக்கு (கிதார் ஒலிபெருக்கிக்கு) எதிரே நில்லுங்கள், காதடைப்பான் கட்டாயம். ஃப்ளாக் எங்காவது ஒரு க்ளப்பில் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், பக்கத்து ஊரானாலும் பயணச்சீட்டைப் போட்டுவிடுங்கள். கூட்டம் முட்டி மோதி ஆடும் மாஷ் பிட்டில் இறங்க ஆசை இருந்தால் நடுவில் நிற்கலாம். நானாக இருந்தால் டிரம் பக்கம்தான் நிற்பேன்.