வீலா, ஃபிளாப்பா, ஃபைபரா? வெல்டிங் மேட்டை எதை வைத்து இறக்குவது

கிரைண்டர் என்றால் வீட்டில் மாவு ஞாபகம் வரும். பட்டறையில் அது ஏஜி4, நாலு இஞ்ச் டிஸ்க் போடும் கை மெஷின். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று எது செய்தாலும் வெல்டிங் முடிந்த பிறகு பாதி வேலை இதற்குத்தான். அதில் எந்த டிஸ்க்கை மாட்டுவது என்பதில் பட்டறைக்குப் பட்டறை ஒரு கட்சி. பழைய ஆட்களுக்கு கிரைண்டிங் வீல், அதாவது நடு குழிந்த டிசி வீல். பையன்களுக்கு எதற்கெடுத்தாலும் ஃபிளாப் டிஸ்க். ஃபைபர் டிஸ்க்கைப் பெரிய ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளில் வேலை பார்த்து வந்தவர்கள் மட்டும் கேட்டு வாங்குவார்கள்.

பெரும்பாலும் எது வேகமாக இரும்பைத் தின்னும், எது விலை குறைவு என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். நான் பார்ப்பது வேறு. அந்த டிஸ்க் விட்டுப்போகும் கோட்டை அழிக்க அடுத்து எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கணக்கைப் போட்டால் மலிவு விலை டிஸ்க் சில வேலைகளில் மலிவே இல்லை.

முதலில் டிசி வீல். அதன் முகத்தில் ஏ 24 ஆர் பிஎஃப் என்பது போல ஒரு வரி அச்சிட்டிருக்கும். ஏ என்றால் அலுமினியம் ஆக்சைடு. 24 என்பது கிரிட், எண் குறையக் குறையத் துகள் பெரிது. ஆர் என்பது துகளைப் பிடித்திருக்கும் பிடி எவ்வளவு கெட்டி என்பதற்கு. பிஎஃப் என்றால் ரெசினில் ஒட்டி உள்ளே கண்ணாடி இழை வலை வைத்தது. 24 கிரிட் துகள் ஒன்று முக்கால் மில்லிமீட்டரை நெருங்கும். அது ஓடிய இடத்தில் உழவு சால் மாதிரி கோடு விழாமல் என்ன செய்யும்?

ஆனால் தடிமனான பிளேட்டில் மேடாக நிற்கும் வெல்டிங்கை இறக்க, ஆங்கிள் ஓரத்தைச் சாய்க்க, மூலையில் புகுந்து வெல்டிங்கின் அடிவேரைத் தோண்ட இதை மிஞ்ச எதுவும் இல்லை. 25, 30 டிகிரி சாய்த்துப் பிடித்தால் பொறி நீளமாகப் போகும், மேடு கரையும். விலையும் குறைவு, அடி வாங்கினாலும் தாங்கும். சிக்கல் மெல்லிய குழாயில்தான். கேட்டுக்குப் போடும் 16 கேஜ் சதுரக் குழாயின் சுவர் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2 மட்டும்தான். இரண்டு விநாடி கூடுதலாக அழுத்தினால் வெல்டிங்கின் இரு பக்கமும் பள்ளம் விழும். பிரைமர் அடிக்கும்போது தெரியாது. எனாமல் பெயின்ட் காய்ந்து, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு மூட்டும் அம்மைத் தழும்பு போலத் தெரியும். பட்டி வைத்து மறைக்கலாம், ஆனால் அந்தப் பட்டிக்கும் கூலிக்கும் யார் காசு கொடுப்பது?

ஃபிளாப் டிஸ்க்கின் சூட்சுமம் அதன் அடுக்கில் இருக்கிறது. துகள் ஒட்டிய துணிப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விசிறி போலச் சாய்த்து ஒட்டியிருப்பார்கள். மேல் துகள் மழுங்கும்போது துணியும் சேர்ந்து தேய்ந்து, அடியிலிருந்து புதுத் துகள் வரும். துணி கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் பள்ளம் தோண்டாது. மேட்டை இறக்குவதும் மட்டம் சேர்ப்பதும் ஒரே வகை டிஸ்க்கில் முடிந்துவிடும். 40 கிரிட்டில் மேட்டை எடுத்து 80-இல் ஒரு தடவு தடவினால் பெயின்டுக்குத் தயார்.

இதில் தட்டை, சாய்வு என்று இரண்டு வடிவம் உண்டு. பரப்பைச் சமப்படுத்தத் தட்டையானது, ஓரமும் வெல்டிங் மேடும் எடுக்கச் சாய்வானது. தட்டையானதை வாங்கிவிட்டு, டிசி வீலைப் பிடிக்கும் அதே பழக்கத்தில் செங்குத்தாகச் சாய்த்து அழுத்துவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. வெளி விளிம்பு மட்டும் மொட்டையாகி, உள்ளே முக்கால்வாசித் துணி புதுசாகவே இருக்க டிஸ்க் குப்பைக்குப் போகும். அப்புறம் "ஃபிளாப் சீக்கிரம் தேயுதுண்ணே" என்று புகார் வேறு.

ஃபைபர் டிஸ்க் பார்க்க வெறும் அட்டை போலிருக்கும். கெட்டியான ஃபைபர் தாளின் மேல் ஒரே ஒரு அடுக்குத் துகள். ரப்பர் பேட் வைத்து மாட்ட வேண்டும். துகளின் பெரும்பகுதி ஒரே நேரத்தில் உலோகத்தைத் தொடுவதால் நீளமான, தட்டையான வெல்டிங்கில் ஃபிளாப்பை விட வேகமாக ஓடும். டேங்க், பெட்டி, நீள பிளேட் இணைப்பு செய்பவர்கள் இதை ஒரு தடவை பழகிப் பார்க்க வேண்டும். சின்னப் பட்டறைக்கு இது ஒட்டாததற்கும் காரணம் இருக்கிறது. குழாய் முனையிலோ கூரான ஓரத்திலோ பட்டால் கிழியும். மழைக்காலத்தில் ஈரம் குடித்து அப்பளம் போல வளைந்துகொள்ளும், டிஸ்க்குகளுக்கு மேல் பாரம் வைத்துத் தட்டையாக அடுக்க வேண்டும். மாதம் நாலு கேட் செய்பவருக்கு இத்தனை பராமரிப்பு தேவையில்லை என்பேன்.

வடிவத்துக்குப் பிறகு துகள். சாதாரண அலுமினியம் ஆக்சைடுக்கு நம் ஊரோடு பழைய உறவு உண்டு. அதன் இயற்கை வடிவம்தான் குருந்தம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அது நம் சொல்லிலிருந்து போனதுதான். குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் செய்த சாணையில்தான் அந்தக் காலத்தில் கத்தி தீட்டினார்கள். அரக்கு இருந்த இடத்தில் இன்று ரெசின், அவ்வளவுதான் வித்தியாசம். எம்.எஸ்., அதாவது சாதாரண இரும்பு (மைல்டு ஸ்டீல்) வேலைக்கு இந்தத் துகள் போதும். சிர்கோனியா கலந்தது அதைவிடக் கெட்டி. ஆனால் அழுத்திப் பிடித்தால்தான் உடைந்து புது முனை காட்டும். வலு குறைந்த மெஷினில் மெதுவாகத் தடவினால் பளபளவென்று வழுக்கிக்கொண்டு நிற்கும். செராமிக் துகள் பொடிப்பொடியாக உடைந்து கூர்மையைத் தக்கவைக்கும், சூடும் குறைவு. விலை உறைக்கும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை தினமும் வருகிறவருக்கு அது கட்டுப்படியாகும், மற்றவர்களுக்குச் சிர்கோனியாவே போதும். நீலம், பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

சிலிக்கான் கார்பைடு பற்றி ஒரு வார்த்தை. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின் உலையில் செய்தது, கார்பொரண்டம் என்று அவர் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது. அலுமினியம் ஆக்சைடை விடக் கடினம். அப்படியானால் இரும்புக்கு இதுதானே சிறந்தது? இல்லை. அந்தச் சூட்டில் அதிலுள்ள கார்பனை இரும்பு இழுத்துக்கொள்வதால் துகள் சீக்கிரம் மழுங்கிப் போகும். கல், வார்ப்பிரும்பு, பித்தளைக்கு அது சரி. கார்பைடு டிப் வைத்த டூலைத் தீட்டும் பச்சைக் கல் இந்த வகைதான். டைமண்ட் பிளேடால் இரும்பு அறுக்கக் கூடாது என்பதற்கும் இதே கார்பன் கதைதான் காரணம்.

ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாத ஒன்று, கட்டிங் வீலைப் படுக்கப் போட்டுத் தேய்ப்பது. ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள தகடு பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. ஏஜி4 நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. நூறு மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு அப்போது மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதே மெஷினில் டிஸ்க்கை மூடும் கார்டைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்ச் வீலை மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விநாடிக்கு 80 மீட்டர் தாங்கும்படி செய்த வீல் அங்கே நூறைத் தாண்டும். உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீலின் நடுவளையத்தில் காலாவதித் தேதி இருந்தால் அதையும் பாருங்கள், ரெசின் வயதாகிப் பலம் இழக்கும்.

எஸ்.எஸ். வேலையில் போட்டியே வேறு. 304 ரக எஸ்.எஸ். சாதாரண இரும்பைப் போலச் சூட்டைக் கடத்தாது, மூன்றில் ஒரு பங்குதான். அடித்த இடத்திலேயே சூடு தங்கி நீலம் பாயும். டிசி வீலை நான் அங்கே எடுப்பதே இல்லை. அது போட்ட கோட்டை அழிக்க 60, 120, 240 என்று ஏறி, நைலான் டிஸ்க், பஃப் என்று அரை நாள் போகும். செராமிக் அல்லது சிர்கோனியா ஃபிளாப்பில் 80-இல் தொடங்கினால் அதில் பாதிப் படிகள் மிச்சம். இரும்பு, கந்தகம், குளோரின் கலவாதது என்று லேபிளில் போட்ட டிஸ்க்காகவும் இருக்க வேண்டும்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கடலோர ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக்குக் கைப்பிடி போட்டோம். கடைசி நாள் புது டிஸ்க் தீர்ந்துபோனது. காலையில் எம்.எஸ். கேட்டுக்கு ஓட்டிய ஃபிளாப்பையே இரண்டு மூட்டில் ஓட்டி முடித்தோம், மாலையில் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கார அம்மா போன் செய்தார். "தம்பி, துருப் பிடிக்காதுன்னுதானே இதைப் போடச் சொன்னீங்க?" போய்ப் பார்த்தால் சரியாக அந்த இரண்டு மூட்டில் மட்டும் மிளகாய் விதை அளவில் செம்புள்ளிகள். குழாய் நல்ல குழாய்தான். டிஸ்க்கில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் எஸ்.எஸ். மேல் அழுந்தி, உப்புக் காற்றில் துருவாகியிருந்தது.

புது நைலான் டிஸ்க்கால் துடைத்து, பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலக் களிம்பைத் தடவி, தண்ணீர் விட்டுக் கழுவி முடிக்க ஒரு நாள் முழுக்கப் போனது. மிச்சம் பிடித்தது ஒரு ஃபிளாப் டிஸ்க்கின் விலை. இப்போது எஸ்.எஸ். டிஸ்க்குகளுக்கு மூடி போட்ட தனி டப்பா. முதுகில் நீல பெயின்ட் வைத்த டிஸ்க்கை எம்.எஸ். பக்கம் யார் எடுத்தாலும் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவர் செலவு. இதுவரை அதிகம் வாங்கிக் கொடுத்தது நான்தான்.