டபுள் டையா, மெஷின் டபுளிங்கா? வெளிநாட்டுக் காசுகளில் பிரித்துப் பார்ப்பது எப்படி

வெளிநாட்டுக் காசில் ஆண்டோ எழுத்தோ இரட்டையாகத் தெரிந்தால் உடனே துள்ள வேண்டாம், பெரும்பாலும் அது மெஷின் டபுளிங்தான். சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதலாக எதுவும் தர மாட்டார்கள்.

டபுள் டை என்பது காசு அடிக்கும் அச்சிலேயே (டை) விழுந்த பிழை. உருவம் உள்ள தாய் அச்சை அழுத்தி, காசு அடிக்கப் பயன்படும் வேலை அச்சைச் செய்யும்போது, முன்பெல்லாம் ஒரே அழுத்தில் உருவம் முழுசாக இறங்காது, திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். நடுவில் துளி திரும்பினாலும் இரண்டு உருவமும் பதிந்துவிடும், அப்புறம் அந்த அச்சு அடிக்கிற காசு எல்லாவற்றிலும் அதே இரட்டிப்பு வரும். அமெரிக்காவின் 1955 சென்ட்டில் இதைப் பார்க்க லென்ஸே வேண்டாம். மெஷின் டபுளிங்கில் அச்சில் குறை இல்லை, அடிக்கும் நொடியில் தளர்ந்த அச்சு அசைந்து எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

லென்ஸில் பார்த்தால், டபுள் டையில் இரண்டாவது உருவமும் உருண்டு மேடாக நிற்கும், எழுத்து முனைகளில் பிளவு தெரியும். மற்றதில் ஓரம் படிக்கட்டு போலத் தட்டையாகத் தாழ்ந்து பளபளக்கும். நான் முதலில் பார்ப்பது எழுத்தின் தடிமனைத்தான், ஏனென்றால் பளபளப்பு விளக்கின் கோணத்துக்கு ஏற்ப ஏமாற்றும், தடிமன் அப்படி ஏமாற்றாது: டபுள் டையில் எழுத்து பருக்கும், மெஷின் டபுளிங் எழுத்தின் சதையையே தின்பதால் மெலியும்.

தேய்ந்த அச்சும் குழப்பும், ஆனால் அதில் எழுத்து வீங்கி மங்கலாக இருக்கும், பிளவு இராது. துத்தநாகத்தின் மேல் செம்பு பூசிய காசுகளில், 1997க்குப் பிந்தைய சில ஆண்டுகளின் கனடா சென்ட் மாதிரி, பூச்சு விரிந்து எழுத்தோரம் கோடு விழும். அதுவும் டபுள் டை இல்லை. அதே கனடாவின் 1859 சென்ட்டில் ஆண்டின் எண் மட்டும் இரட்டையாக இருந்தால் அது வேறு சமாச்சாரம், எண்ணை அச்சில் இரண்டாம் முறை குத்தியது.

அமெரிக்கக் காசுகளுக்கு டபுள் டை பட்டியல்கள் விரிவாக உண்டு, பல நாடுகளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அதே ஆண்டின் இன்னொரு காசைத் தேடுங்கள். இரட்டிப்பின் திசை, தூரம், கூடவே அச்சின் கீறல்கள் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தினால் டபுள் டைக்கு வலுவான ஆதாரம். காசுக்குக் காசு தூரம் மாறினால், சரி, மெஷின் டபுளிங் என்று எடுத்து வைத்துவிடலாம்.