நசுங்கிய கூலன்ட் பைப்: முழுசாக மாற்றுவதா, வெட்டி ஹோஸ் போடுவதா?

வண்டியின் வயிற்றில் ஏதோ இடித்த சத்தம் கேட்டது, கண்டுகொள்ளவில்லை. மறுநாள் காலை தரையில் இளஞ்சிவப்பாக ஒரு குட்டை. என் வண்டி பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோலிலும், பிளக்கில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியிலும் ஓடுவது. அதன் பேட்டரியைக் குளிரவைக்கும் திரவமான கூலன்டைச் சுமந்து இரண்டு அலுமினியக் குழாய்கள் முன்னாலிருந்து பின்னால்வரை அடிப்புறமாகவே ஓடுகின்றன. அதில் ஒன்று பிராக்கெட்டை ஒட்டி நசுங்கி விரிசல் விட்டிருந்தது.

எபாக்சி பசை பூசி அடைக்கலாம் என்றார்கள். வண்டியைப் பட்டறைவரை கொண்டுபோக உதவும், அதற்கு மேல் நம்ப மாட்டேன். வெல்டிங் என்றால் குழாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றிய பிறகு பழையதையே ஏன் மாட்ட வேண்டும்? ஆக மிஞ்சியது இரண்டு வழி.

புதுக் குழாய் போடுவதுதான் முறையான வேலை. கம்பெனி வைத்த இடங்களைத் தவிர வேறு இணைப்பு வராது. வண்டி வாரண்டியில் இருந்தாலோ, சீக்கிரம் விற்கும் எண்ணம் இருந்தாலோ யோசிக்கவே வேண்டாம். ஆனால் என் வண்டியில் அந்த நீளக் குழாயை உருவ பேட்டரிப் பெட்டியையே இறக்க வேண்டும். அது ஆரஞ்சு நிற ஹைவோல்டேஜ் கேபிள்களோடு செய்யும் வேலை. டொயோட்டா ஹைபிரிட்களில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும் 10 நிமிடம் காத்திருக்கச் சொல்வது கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால்தான்.

நான் எடுத்தது இரண்டாவது வழி: அடிபட்ட துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இடையில் கூலன்டுக்கான ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் ஹோஸ். பெட்ரோல் ஹோஸ் கைக்குக் கிடைக்கிறதே என்று அதைப் போடக் கூடாது, அந்த ரப்பர் வேறு. வெட்டிய முனைகளில் பிசிறு நீக்கி, சுற்றிலும் சின்ன மேடு எழும்பும்படி பீட் போடச் சொன்னேன். மொழுமொழுவென்ற அலுமினியத்தில் கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஹோஸ் ஒருநாள் வழுக்கும். கிளாம்ப்பும் ஸ்பிரிங் வகை. சூட்டில் குழாய் விரிந்து சுருங்கும்போது அதுவும் கூடவே இறுகும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. ரப்பர் கெட்டுப்போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்முன்னே கெடும்: உப்பும், வெடிக்கும், முனையில் கூலன்ட் காய்ந்து வெள்ளையாகப் படியும். ஒவ்வொரு சர்வீஸிலும் டார்ச் அடித்துப் பார்த்து, வேண்டுமென்றால் மாற்றிவிடலாம். அலுமினியக் குழாய் அப்படியில்லை. இரும்பு பிராக்கெட்டின் பிடிக்குள், ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில், யாருக்கும் தெரியாமல் அரிக்கும். புதுக் குழாயே போட்டாலும் அதே பிராக்கெட்தானே? நான் பிராக்கெட்டுக்குள் ரப்பர் பட்டை வைத்து, இரண்டு உலோகமும் தொடாமல் செய்துவிட்டேன். குழாய் நெடுகப் பொரிப்பொரியாக அரித்திருந்தால் என் வழி உதவாது. ஒரு துண்டை மாற்றினால் அடுத்த துண்டு ஒழுகும்.

எந்த வழியானாலும் குழாய்க்குள் மாட்டிய காற்றை எடுக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். பல வண்டிகளில் கூலன்டை ஓட்டும் மின்பம்பை, வண்டியின் கம்ப்யூட்டரில் இணைக்கும் ஸ்கேனர் மூலம் ஓடவிட்டுத்தான் காற்றை வெளியேற்ற முடியும். கூலன்டும் கையேட்டில் சொன்ன வகைதான், நிறத்தைப் பார்த்து ஊற்றக் கூடாது.

இனிப் பாதுகாப்பு. வண்டியின் அடியில் பூசும், தார் மாதிரிக் கெட்டியான அண்டர்கோட் எனக்கு வேண்டாம். அடியில் ஈரம் மாட்டிக்கொண்டால் மேலே பளபளப்பு, உள்ளே அரிப்பு. மெழுகு வகை பரவாயில்லை, அவ்வப்போது திரும்ப அடிக்க வேண்டும். குழாய்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டினால் சேறு உள்ளே தங்கும். என் ஓட்டு தண்ணீர் வடிய ஓட்டைகள் உள்ள அடித்தட்டுக்கு. அது கல்லடிக்குப் போதும். நேராகப் பாறையில் உட்கார்ந்தால் தட்டும் போகும், குழாயும் போகும்.

வேலை முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது, பத்து வருடம் தாங்குமா என்று கேட்காதீர்கள். பேட்டரி கூலன்ட் டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது பார்ப்பேன். இதுவரை மட்டம் கோட்டிலேயே நிற்கிறது.