ஏரிக்கரை காட்டேஜுக்கு ரெடிமேட் பயோ செப்டிக் டேங்க்: டேங்க் நல்லதுதான், விளம்பரம்தான் பொய்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள சரிவுகளில் காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கு, அடி திறந்த பழைய உறைக்குழியைவிட பைபர் அல்லது பிளாஸ்டிக் பயோ டேங்க் எவ்வளவோ மேல். கசியாது. முதல் அறையில் கழிவு படியும். அடுத்த அறையில் பிளாஸ்டிக் பந்துகளில் ஒட்டி வளரும் பாக்டீரியா மிச்சத்தைத் தின்னும்.

"ஆயுசுக்கும் கிளீன் பண்ண வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்களே, அது சுத்தப் பொய். மலைக் குளிரில் பாக்டீரியா மந்தமாகத்தான் வேலை செய்யும், சகதி சமவெளியைவிடச் சீக்கிரம் சேரும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை சகதியை உறிஞ்சி எடுக்கும் லாரி வந்தே ஆகவேண்டும். நீளக் குச்சியில் வெள்ளைத் துணியைச் சுற்றி அடிவரை இறக்கி எடுங்கள். கறுப்பு ஏறிய உயரம் நீரின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டிருந்தால் லாரிக்குச் சொல்லிவிடலாம். ஆளை உள்ளே இறக்கவே கூடாது: விஷவாயு உயிரை எடுக்கும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

கடையில் முதலில் காட்டுவது 1,000 லிட்டர் டேங்க். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் போதும். மே சீசனில் 12 பேர் தங்கினால், ஆளுக்கு 135 லிட்டர் கணக்கில் நாளைக்கு 1,620 லிட்டர் வரும். தண்ணீர் 15 மணி நேரம்கூட உள்ளே நிற்காது. படியாத கழிவு அப்படியே வெளியேறும். சகதிக்கும் இடம் வேண்டுமென்பதால் 3,000 லிட்டருக்குக் குறைய வேண்டாம்.

டேங்க் பாழாவது பெரும்பாலும் குழியில் இறக்கும்போதுதான். அடியில் 10 செ.மீ. கான்கிரீட், மேலே மணல். சுற்றி மண் தள்ளத் தள்ள, உள்ளேயும் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் உள்வாங்கிவிடும். ஐப்பசி மழையில் குழிக்குள் ஊற்று ஏறினால் காலி டேங்க் மிதந்து பைப்பை முறித்துவிடும். அதனால் கான்கிரீட்டோடு பெல்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்கள், மழைக்காலத்தில் முழுசாகக் காலி செய்யாதீர்கள்.

இவ்வளவு செய்தாலும் ஏரிக்குப் பாதி நன்மைதான். பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழுக்க வைப்பது கழிவிலுள்ள பாஸ்பரஸ். அதை இந்த டேங்க் பிடிக்காது. வெளிவரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்று ஓடையில் விடுகிறார்கள். அது நேரே ஏரிக்குப் போகும். ஏரி நிரம்பி வழிந்தால் வெள்ளி அருவி வழியாகக் கீழேயும் இறங்கும்.

பாஸ்பரஸைப் பிடிப்பது மண். கரையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி உறிஞ்சுகுழி போட்டு, டேங்க் தண்ணீரை அதில் விடுங்கள். குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே இரண்டு மீட்டர் மண் இருக்கவேண்டும். இதை மழைக்காலத்தில் தோண்டிப் பார்க்க வேண்டும், கோடையில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஊறல் நிலமென்றால் பள்ளத்தில் தார்ப்பாய் விரித்து, 60 செ.மீ. ஆழத்துக்கு முக்கால் அங்குல ஜல்லி போட்டுக் கல்வாழை நட்டு, டேங்க் தண்ணீரை அதன் வழியே விடலாம். அது பாஸ்பரஸை முழுசாகப் பிடிக்காது. வெட்டிய இலை தண்டைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். அங்கேயே அழுகவிட்டால் பிடித்ததும் திரும்பி வந்துவிடும். துணி சோப்பு பாஸ்பேட் இல்லாததாக இருக்கட்டும்.

டேங்கோடு தலையில் கட்டும் பாக்டீரியா பவுடர் பாக்கெட் வேண்டாம். ஆரம்பத்தில் ஒரு வாளி சாணிக் கரைசல் போதும். அதற்குப் பிறகு கக்கூஸில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் தாராளமாகக் கொட்டினால் எந்த பாக்டீரியாவும் பிழைக்காது.