தரமணியா, பீளமேடா?

கல்லூரியும் தொழில்துறையும் கைகோக்கத் தமிழ்நாட்டிலேயே இரண்டு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன.

தரமணியில் 2010-இல் திறக்கப்பட்ட சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் இடம் பிடிக்க நிறுவனங்கள் வாடகை கட்டினால் மட்டும் போதாது. மாணவருக்குப் பயிற்சி, பேராசிரியரோடு கூட்டு ஆய்வு என்று ஐஐடியோடு சேர்ந்து வேலை செய்து, புள்ளிகளும் சேர்க்க வேண்டும். இந்த நிபந்தனைதான் அதன் உயிர். இல்லாவிட்டால் அதுவும் இன்னோர் ஐடி பார்க்தான். ஐஐடியின் அரவணைப்பில் வளர்ந்த அக்னிகுல் என்ற ராக்கெட் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டே ஏவியது.

கோவை பீளமேட்டில் 1951-இல் தொடங்கிய பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரியின் வழி வேறு. பம்பும் மோட்டாரும் செய்து விற்கும் தொழிற்கூடம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. படிப்பும் பட்டறை வேலையும் கலந்த சாண்ட்விச் பிரிவு மாணவர்கள் ஐந்து ஆண்டுப் படிப்புக்கு நடுவே பட்டறையில் கை அழுக்காகி வேலை பழகுகிறார்கள்.

புதுக் கண்டுபிடிப்புக்குத் தரமணிதான். ஆனால் மாவட்டத்துச் சாதாரணப் பொறியியல் கல்லூரிக்கு நான் பீளமேட்டையே சொல்வேன். பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரரோடு பேசி நாளைக்கே ஆரம்பிக்கலாம்.