லேட்டக்ஸா, சிலிக்கோனா?

திகில் பட முகமூடி சேர்ப்பவர்களிடையே தீராத வழக்கு இது: முகமூடி இயற்கை ரப்பரான லேட்டக்ஸில் இருக்கவேண்டுமா, செயற்கை ரப்பரான சிலிக்கோனில் இருக்கவேண்டுமா? எனக்கு லேட்டக்ஸ்தான். 1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ படத்தின் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ் முகமூடியே கடையில் வாங்கிய லேட்டக்ஸ்தான்: டான் போஸ்ட் ஸ்டுடியோஸ் விற்ற ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகம். புருவத்தையும் கிருதாவையும் எடுத்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். அவ்வளவுதான், பேய்க் களை வந்துவிட்டது! அதன் நகலை சிலிக்கோனில் வாங்குவது எனக்கு ஒட்டவில்லை.

லேட்டக்ஸ் இலேசானது, விலையும் குறைவு. ஆனால் இயற்கை ரப்பர் என்பதால் ஆயுள் கம்மி. வெயிலும் சூடும் காற்றிலுள்ள ஓசோனும் பட்டால் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். மடித்து வைத்தால் மடிப்பு நிலைத்துவிடும். உள்ளே தலை வடிவ ஃபோம் வைத்து, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டும்.

சிலிக்கோனுக்கு இந்தத் தொல்லை குறைவு. போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் அதன் வாயும் திறக்கும். நிஜத் தோல் மாதிரியே இருக்கும். ஆனால் கனம், உள்ளே வியர்வைக் குளியல், விலையோ பல மடங்கு. சின்னக் கீறல்கூடக் கிழிசலாக நீளும். சாதாரண பெயின்டும் அதில் ஒட்டாது. போட்டுக்கொண்டு ஆட்டம் போடுபவர்கள் தாராளமாக வாங்கலாம்.